குழந்தைகளைத் தாக்கும் அமீபா மூளைக்காய்ச்சல்

நன்னீரில் தானே வாழக்கூடிய சில அமீபாக்கள் மூளைக்குள் புகுந்து உண்டாக்கும் அரிய நோய் அமீபா மூளைக்காய்ச்சல். இவற்றில் மிகக் கொடியது நெக்லேரியா ஃபௌலேரி. வெதுவெதுப்பான குளத்திலோ குளோரின் போதாத நீச்சல் குளத்திலோ குளிக்கும்போது, மூக்கில் ஏறும் நீரோடு சென்று, சல்லடை எலும்பின் துளைகள் வழியே மூளையை அடைகிறது. அந்த நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதுமில்லை. மூழ்கி விளையாடும் சிறுவர்களையே அதிகம் தாக்குகிறது. நோய் கண்டவர்களில் 100க்கு 97 பேர் இறந்துவிடுகிறார்கள்; பெரும்பாலும் அறிகுறி தோன்றிய ஒரு வாரத்துக்குள்.

தானே வாழும் அமீபா மூளையைத் தாக்கக்கூடும் என்பதை ஆய்வாளர் கல்பர்ட்சன் 1958இல் அமெரிக்காவில் விலங்குச் சோதனையில் காட்டினார். மனிதரில் அதைக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர நோயியல் மருத்துவர்களான ஃபௌலரும் கார்ட்டரும். அவர்கள் 1965இல் வெளியிட்ட அறிக்கை, இறந்த நால்வரைப் பற்றியது. அப்போது அதை அகந்தமீபா என்ற மற்றொரு அமீபா எனக் கருதினார்கள். அது வேறு இனம் என்று 1970இல் தெளிவுபடுத்திய கார்ட்டர், அதற்கு ஃபௌலரின் பெயரைச் சூட்டினார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஊஸ்தி நகரில் 1962 முதல் 1965 வரை ஒரே நீச்சல் குளத்தால் 16 பேர் இறந்ததன் காரணமும் பிறகுதான் விளங்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சேமித்து வைத்திருந்த பழைய மூளைத்திசுக்களை மறுபடி ஆராய்ந்தபோது, 1937இலேயே இந்நோய் இருந்தது தெரியவந்தது. ஆக, தொடக்க காலத்தில் இந்நோயை அடையாளம் காட்டியது உடற்கூறாய்வு மேசைதான். அதற்குக் காரணம் உண்டு. தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் பெருகி, சர்க்கரை குறைந்து, முடிவுகள் அப்படியே பாக்டீரியா மூளைக்காய்ச்சல் போலத் தோன்றும். பாக்டீரியாவைக் கண்டறிய வழக்கமாகச் செய்யும் கிராம் சாயச் சோதனையோ அமீபாவைக் காட்டித் தராது.

எனவே மருந்துக்கு முன்னால் வருவது சந்தேகம். அண்மையில் குளத்தில் குளித்த குழந்தை காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்புடன் வந்தால், எடுத்த தண்டுவட நீரைக் குளிரூட்டாமல், சாயமிடாமல், உடனே ஒரு துளி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஊர்ந்து நகரும் அமீபா கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்துவிட்டால் அசைவு நின்றுபோகும். வெள்ளணுவை அமீபா என்று தவறாக எண்ணிவிடலாமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குத்தான் அமீபாவின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் உறுதிச் சோதனை இருக்கிறது; ஆனால் அதன் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. மூளையைத் தாக்கும் மற்ற அமீபாக்களான அகந்தமீபா, பாலமுத்தியா ஆகியவற்றின் நோய் வாரக்கணக்கில் மெல்ல முற்றுவது. அவற்றுக்குத் திசுச் சோதனையும் தேவைப்படும்.

ஆம்போடெரிசின் பி முதன்மை மருந்து. அதோடு ரிஃபாம்பிசின், ஃப்ளூகோனசோல், அசித்ரோமைசின் முதலியவற்றைச் சேர்க்கிறார்கள். 2002இல் இந்தியாவில் காலா அசார் நோய்க்கு ஒப்புதல் பெற்ற மில்டெஃபோசின் பின்னர் இந்தச் சிகிச்சைக்கும் வந்தது. மூளை வீக்கத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் பாதி. இவ்வளவு பேர் இறக்கும்போது சீக்கிரம் கண்டறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். 2013இல் அமெரிக்காவில் இரு குழந்தைகளுக்கு மில்டெஃபோசின் கொடுக்கப்பட்டது. அறிகுறி தோன்றி ஏறத்தாழ 30 மணி நேரத்தில் நோய் கண்டறியப்பட்ட 12 வயதுச் சிறுமி முழுமையாகக் குணமடைந்தாள். பல நாள் கழித்துக் கண்டறியப்பட்ட 8 வயதுச் சிறுவன் பிழைத்தும் மூளைப் பாதிப்போடு வாழ நேர்ந்தது. சிறுமியின் உடலைக் குளிர்வித்த சிகிச்சையும் உதவியிருக்கலாம் என்றாலும், இருவரையும் பிரித்தது காலமே.

கேரளத்தில் 2024இல் கோழிக்கோடு மாவட்டத்தின் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இந்நோயிலிருந்து பிழைத்தான். மாநில அரசு அவ்வாண்டே சிகிச்சை வழிகாட்டுதலையும் வெளியிட்டது. புது மருந்துக்காகக் காத்திருக்கும் நாளிலும், தண்டுவட நீரை உடனே நுண்ணோக்கியில் பார்ப்பதே குழந்தையின் உயிரைக் காக்கும் முதல் சிகிச்சை.