கொன்கோர்ட்டிலிருந்து கச்சேரி வாசல்வரை

1846 யூலையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கொன்கோர்ட் என்ற சிற்றூரில் ஹென்றி டேவிட் தோரோ தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையிருந்தார். அடிமை முறையைக் காத்து, மெக்சிக்கோமீது போர் தொடுத்த அரசுக்குத் தன் காசு போகக்கூடாது என்பது அவர் நியாயம். அதே மாநிலத்துத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த அமெரிக்க மிஷன், அப்போது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினறியில் நம் பிள்ளைகளுக்குக் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்துக்கொண்டிருந்தது. ஆனால் தோரோவின் எழுத்து நம்மிடம் அந்த நேர்வழியால் வரவில்லை.

சிறைக்குப் போன காரணத்தைத் தோரோ தன் ஊரில் சொற்பொழிவாகப் பேசினார். 1849இல் அது கட்டுரையாக அச்சேறியது. 'சட்டமறுப்பு' என்ற பெயர் அவர் இறந்தபின், 1866இல்தான் அதற்குக் கிடைத்தது. 1907இல் தென்னாபிரிக்காவில் காந்தி தம் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அதன் பகுதிகளை வெளியிட்டார். சத்தியாக்கிரகமே இந்தக் கட்டுரையில் பிறந்தது என்று படிப்பிப்பது தவறு. போராட்டம் தொடங்கிய பிறகே இதைப் படித்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். தோரோவோ வால்டன் குளக்கரையில் கீதையை ஆங்கிலத்தில் படித்தவர். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இங்கே கோடு கிழிக்க முடியாது.

1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அழைத்தது மாணவர் காங்கிரஸ். அதை முன்னின்று நடத்திய ஹன்டி பேரின்பநாயகம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். மாணவர் காங்கிரஸ் பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. இலங்கைக்கான பிரித்தானிய அரசின் டொனமூர் யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று, 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அது கேட்டது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் சபையில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்காகப் பேச உறுப்பினர் இல்லை. மனச்சாட்சிக்கு ஒரு சமூகம் கொடுத்த விலை அது. கொடுத்தது சரியா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. 1961 பெப்ரவரியில் தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது.

தோரோவை உயர்தர மாணவர்களுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இயற்கை வழிபாடு, தனிமனித சுதந்திரம் என்று குறிப்பெழுதி வைத்துப் பாடத்தை முடித்துவிடாதீர்கள். 1931இல் நீங்கள் வாக்காளராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள்.