கண்ணாடித் தொட்டியில் கடல்: ஒரு கழிவுக் கணக்கு



வரலாறு என்றால் ஏரி, கோயில், ரயில் நிலையம் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை ஒரு மீன் தொட்டியின் வரலாறு. தங்கமீன் தொட்டி அல்ல. உப்புத் தண்ணீரும் கோமாளி மீனும் பவளப்பாறையும் உள்ள தொட்டி. பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று இதை வாங்க நினைப்பவர்களிடம் கடைக்காரர் முதலில் விளக்கையும் மோட்டாரையும் காட்டுவார். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மீன் போடும் கழிவு கடைசியில் எங்கே போகிறது? சுமார் நூற்றெண்பது ஆண்டுகளாக இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

1846-இல் ஆன்னா தின் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து கல்பவளங்களை ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோனார். முதலில் கடலிலிருந்து தண்ணீர் வரவழைத்து மாற்றிப் பார்த்தார். பிறகு வீட்டு வேலைக்காரப் பெண், திறந்த சன்னல் பக்கம் நின்று தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம் அந்தத் தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஆற்றினாள், நாம் காபி ஆற்றுகிற மாதிரி. அடுத்த ஆண்டு கடற்பாசியும் சேர்ந்தது. பவளங்கள் மூன்று ஆண்டு போல உயிரோடு இருந்தன. பெருமை அம்மையாருக்கு, கைவலி அந்தப் பெண்ணுக்கு.

நம் ஊருக்கு இந்தக் கலை 1909-இல் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியால் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. தென்னிந்திய சாதிகள் பற்றி ஏழு தொகுதி எழுதிய அதே தர்ஸ்டன்தான். அதற்கு முன்பே மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் கடல் உயிர்களையும் ஆராய்ந்தவர். பத்து ஆண்டு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, 1919-இல் காட்சியகம் மீன்வளத் துறைக்குப் போனது; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. கடலோரத்தில் தொட்டி வைப்பவருக்குப் பழைய தண்ணீரை விட்டுப் புதியதை எடுப்பது எளிது. பொத்தேரியில் இருக்கும் நமக்கு, வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டிக் கோவளம் போனால்தான் கடல். ஆகவே நாம் கணக்குப் போட்டாக வேண்டும்.

கணக்கின் முதல் பாடத்தைச் சொன்னவர்கள் மீன் வளர்ப்பவர்கள் அல்ல, சாக்கடைத் தண்ணீரை ஆராய்ந்தவர்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது உயிரிகளின் வேலை என்று 1877-இல் பிரான்சின் ஷ்லோசிங்கும் முன்ட்ஸும் காட்டினார்கள். அந்த பாக்டீரியாவை 1890-இல் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்தி, படியும் சேற்றை மறுபடி பயன்படுத்தும் முறையை அறிவித்தார்கள். அவர்களை வழிநடத்திய கில்பர்ட் ஃபௌலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராக வந்துவிட்டார். அடுக்குமாடி வளாகங்களின் எஸ்டிபி அந்த வம்சம்தான்.

1950-களுக்குப் பிறகு மீன் தொட்டிக்காரர்களும் அதே வழியைப் பிடித்தார்கள். அடியில் சரளை, அதன் கீழ் ஒரு தட்டு, சரளை வழியே தண்ணீரை இழுக்கும் காற்றுக் குழாய். 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளால், பிளாஸ்டிக் பந்துகள் மேல் தண்ணீரைச் சொட்டவிடும் முறை பரவியது. அம்மோனியா அறவே போய்விடும், மீன் பிழைக்கும். ஆனால் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரியும். தொகையை அங்கே தள்ளிவிட்டால் அன்றைய தாள் நேராகிவிடும். கடன் அடைந்ததாக ஆகாது. அம்மோனியாவில் இருந்த ஒரு கிராம் நைட்ரஜன், ஏறத்தாழ 4.4 கிராம் நைட்ரேட்டாகத் தொட்டியிலேயே உட்கார்ந்திருக்கும்.

தண்ணீர் மாற்றினால் போதாதா என்பீர்கள். மாதம் 10 பிபிஎம் நைட்ரேட் சேரும் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 20 சதவீதத் தண்ணீரை மாற்றினால் அளவு ஏறி ஏறி 50-இல்தான் நிற்கும். 10 சதவீதம் மாற்றினால் 100 வரை போகும். பாதியையே மாற்றினாலும் 20. சந்தேகமிருந்தால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கடலில் பவளப்பாறையைச் சுற்றி 1 பிபிஎம் கூட இருக்காது.

எனவே வரவை மாற்றி எழுதாமல், வெளியே அனுப்பும் வழிகள் வந்தன. 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்கள் ஒட்டிய பாறைகளையும் வெறும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தியதை எழுதினார். அந்தப் பாறையின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத இடத்தில் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடுகிறது. பெர்லின் ஆர்வலர்கள் பாறையோடு ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். பருப்பு வேகும்போது பொங்கும் நுரையைக் கரண்டியால் எடுக்கிறோமே, அதுதான் ஸ்கிம்மர். கழிவு அழுகி அம்மோனியாவாகும் முன்பே கோப்பையில் வந்துவிடும். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி, பாசியைத் தட்டில் வளர்த்துச் சுரண்டி எறிந்தார். மொனாக்கோவில் ழான் ஜொபேர் மணல் படுகைக்குக் கீழே வெற்றிடம் விட்டார். பிற்பாடு வோட்காவைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்கி, அதை ஸ்கிம்மரில் பிடிக்கும் வித்தையும் வந்தது. டாஸ்மாக் வாசலில் நிற்க வேண்டாம், வினிகரும் அதே வேலையைச் செய்யும்.

பாஸ்பேட் மட்டும் வாயுவாகிப் போகாது. பாசியாகவோ நுரையாகவோ, இரும்பு ஆக்சைடு துகளில் ஒட்டியோதான் வெளியேறும். அது வருவது பெரும்பாலும் நீங்கள் போடும் தீனியிலிருந்துதான். இதற்காக இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரவும் கூடாது. பவளம் வெளிறிப்போகும்.

என் கருத்தில் பொத்தேரி வீட்டுக்கு ஸ்கிம்மரும், பக்கத்தில் பாசி வளர்க்கும் சிறு அறையும் பொருத்தம். சரளைத் தட்டை மட்டும் நம்பினால், மின்சாரம் நீண்ட நேரம் போகும் நாளில் பாக்டீரியாவே மூச்சுத் திணறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கல்பவளங்கள் 2001-இலிருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. காய்ந்த துண்டாக இருந்தாலும் கடலிலிருந்து எடுத்து விற்பதும் வாங்குவதும் குற்றம். காரணம் தொலைவில் இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததில் மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. பாறை வேண்டுமென்றால் செயற்கைப் பீங்கான் பாறை கிடைக்கிறது. சில மாதங்களில் பாக்டீரியா குடியேறிவிடும்.

இன்னொன்று, வளாகத்துக்கே உரியது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 200 லிட்டர் தொட்டியில் மாதம் 20 சதவீதம் மாற்றினால் 1.4 கிலோ உப்பு, பாதியை மாற்றினால் 3.5 கிலோ, குளியலறைக் குழாய் வழியாக எஸ்டிபிக்குப் போகும். பாக்டீரியா உப்பைத் தின்னாது, காற்று ஊதினாலும் அது போகாது. எஸ்டிபி தண்ணீரைச் செடிகளுக்கு விடும் இடத்தில் அந்த உப்பு மண்ணில்தான் தங்கும். தென்னை கொஞ்சம் தாங்கும். ரோஜா தாங்காது. ஒரு வீட்டில் தொட்டி இருந்தால் தெரியாது. ஆறேழு வீடுகளில் வந்தால் தோட்டக்காரர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.