புருகாடா நோய்க்குறி

புருகாடா நோய்க்குறி என்பது இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கும் பரம்பரைக் கோளாறு. ஸ்கேனில் இதயம் பெரும்பாலும் நலமாகவே தெரியும். ஆனால் கீழறைகள் திடீரெனத் தாறுமாறாக நடுங்கி, சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். நாற்பது வயதை ஒட்டிய ஆண்களிடம், உறக்கத்திலோ ஓய்விலோ இது அதிகம் வெளிப்படுகிறது.

நோய்க்குப் பெயர் வருமுன்பே சாவுகள் இருந்தன. நலமாகப் படுத்தவர் இரவில் முனகி, மூச்சுத் திணறி இறப்பதைப் பிலிப்பைன்ஸில் ‘பாங்குங்குட்’ என்றும், தாய்லாந்தில் ‘லாய் தாய்’ என்றும், ஜப்பானில் ‘பொக்குரி’ என்றும் சொன்னார்கள். வடகிழக்குத் தாய்லாந்தில், ஆண்களைக் கொண்டுபோகும் விதவைப் பேயை ஏமாற்ற ஆண்கள் பெண்ணுடை அணிந்து உறங்கியதும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய லாவோஸ் அகதிகளிடையே இத்தகைய சாவுகள் நேர்வதை 1981இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது.

துப்பு ஈசிஜியில் கிடைத்தது. அடிக்கடி மயங்கி விழுந்த போலந்துச் சிறுவன் ஒருவன், 1986இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மருத்துவர் பெத்ரோ புருகாடாவிடம் வந்தான். அவன் சகோதரி ஏற்கெனவே திடீரென இறந்திருந்தாள். இருவரின் ஈசிஜியிலும் ஒரே விசித்திர வடிவம். பெத்ரோவும் அவர் தம்பி ஜோசெப்பும் இப்படி எட்டு நோயாளிகளைத் திரட்டி 1992இல் கட்டுரை வெளியிட்டனர்.

வலப்பக்க மார்புப் பதிவுகளான வி1, வி2இல் அந்த வடிவம் தெரியும். கீழறைகளின் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை முடிந்ததும் கோடு அடிமட்டத்துக்குத் திரும்பாது, 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்து, அங்கிருந்து சரிந்து, தலைகீழான டி அலையில் போய் முடியும்.

இந்த வடிவம் ஒருநாள் தெரியும், மறுநாள் மறையும். ஆகவே மின்முனைகளை வழக்கமான நான்காம் விலா இடைவெளியிலிருந்து மூன்றாம், இரண்டாம் இடைவெளிகளுக்கு உயர்த்தியும் பதிவெடுக்கிறார்கள். அப்போதும் ஐயம் தீராவிட்டால், மருத்துவமனைக் கண்காணிப்பில் அஜ்மலின் போன்ற மருந்தைச் செலுத்தி, வடிவம் வெளிப்படுகிறதா என்று பார்க்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல், இதய ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவையும் இதே வடிவத்தைக் காட்டக்கூடும் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும்.

1998இல் எஸ்சிஎன்5ஏ மரபணுவின் பிறழ்வு இந்நோயுடன் தொடர்புபடுத்தப்பட்டது. இதய உயிரணுக்களின் சோடியம் வாயிலை உருவாக்குவது இம்மரபணுவே. தென்கிழக்கு ஆசிய உறக்கச் சாவுகளிலும் இதே மரபணுவின் பிறழ்வுகள் இருப்பதை 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. எனினும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நோயாளியிடமே இப்பிறழ்வு காணப்படுவதால், மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லையென்பதால் நோய் இல்லையென்று ஆகாது.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு, துடிப்பு தவறும்போது தானே மின்னதிர்ச்சி தரும் ஐசிடி கருவி பொருத்தப்படுகிறது. காய்ச்சல் இந்நோயைத் தூண்டும். நோயுள்ளவர் காய்ச்சல் கண்டதும் பாராசிட்டமால் எடுத்து மருத்துவரை நாட வேண்டும். குடும்பத்தில் எவரேனும் இளம் வயதில் உறக்கத்திலேயே இறந்திருந்தால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஈசிஜி எடுத்து இதய மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.