ஹந்தானைச் சாரலில் ஆய்வரங்கு

கண்டிமாநகர் என்றவுடன் பலருடைய உள்ளத்திலே தோன்றுவன தலதா மாளிகையும், அதன் முன்னே பரந்து கிடக்கும் வாவியும், எசலப் பெரகராவுமேயாம். அந்நகரை அடுத்து எழும் ஹந்தானை மலையைத் தேயிலைக்குப் பேர்போன இடமென அறிந்தோரும் உளர். ஆயின், அம்மலைச்சாரலிலே பௌதிகம் முதலிய விஞ்ஞானங்களை அடிவேரிலிருந்து ஆராயும் பொருட்டு அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் என்றொரு கழகம் நிலைபெற்றிருத்தலை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர். அத்தகைய கழகங்களுக்கு உயிராயுள்ள ஆய்வரங்கு என்னும் மரபு எங்ஙனம் தோன்றிற்று, ஈழநாட்டில் அஃது எவ்வாறு வேர்கொண்டது என்பதை நோக்குதல் பயனுடைத்து.

விரிவுரை வேறு, ஆய்வரங்கு வேறு. விரிவுரையிலே அறிந்தவர் கூற அறியாதவர் கேட்பர். ஆய்வரங்கிலோ, இன்னும் விடை காணப்படாத வினாவின் முன் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்வர். முன்னாளில் வாதஞ்செய்வோர்க்கெனப் பட்டிமண்டபம் அமைத்த தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. எனினும், கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் உரிய ஆய்வரங்கு திட்டமான வடிவம் பெற்றது 1834 ஆம் ஆண்டிலே, பிரசிய நாட்டுக் கேனிக்ஸ்பேர்க்கு நகரிலாகும். யாக்கோபி என்னும் கணித அறிஞரும் நொய்மன் என்னும் பௌதிக அறிஞரும் அதனைத் தொடக்கினர். மாணவர் நூலைப் பாடஞ்செய்தல் போதாது, தாமே சிக்கல்களை எடுத்து ஆராய்ந்து பிறர்முன் நாட்டல் வேண்டும் என்பதே அதன் நோக்கமாகும். அம்முறை செருமானியச் சர்வகலாசாலைகளிற் பரவி, பின்னர்ப் பிற நாடுகளையும் அடைந்தது.

இங்கிலாந்திலே கேம்பிரிட்சு நகரில், இரசியரான கபித்சா 1922 ஆம் ஆண்டில் ஒரு கழகம் கூட்டினார். கிழமைதோறும் இராவுணவின் பின்னர்க் கூடிய அவ்வவையில், இளையோரின் கூச்சம் நீங்கும்பொருட்டு அவர் வேண்டுமென்றே பிழைபட வினாவுவாராம். அவ்வவையில் அமர்ந்தோருள் ஒருவர் டிராக்கு. பிற்காலத்தில் அந்த டிராக்கினிடம் பயின்றவரே ஈழத்துத் தமிழரான கிறித்தி செயரத்தினம் எலியேசர் ஆவர்.

மின்னேற்றம் பெற்ற துணிக்கை விரைவு மாறுங்கால் கதிர்வீசிச் சத்தியை இழக்கும். அவ்விழப்பையும் உள்ளடக்கி இலத்திரனின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடொன்றை டிராக்கு 1938 இல் வகுத்தார். இலத்திரன் ஒன்று புரோத்தனை நோக்கி நேர்கோட்டிற் செல்லுமாயின் யாது நிகழும் என எலியேசர் வினாவினார். எதிர்மின்னும் நேர்மின்னும் ஒன்றையொன்று ஈர்ப்பனவாதலின் இரண்டும் மோதும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. ஆனால் அச்சமன்பாட்டின்படி இலத்திரன் புரோத்தனை அடையாது, திரும்பி விலகியோடும் என்று அவர் 1943 இல் நிறுவினார். ஆசிரியர் ஆக்கிய சமன்பாட்டின் இடர்ப்பாட்டை மாணவரே வெளிப்படுத்திய இச்செயல், ஆய்வரங்கின் இயல்புக்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். அங்கே மரியாதை என்பது வினாவாமையன்று, கூர்ந்து வினாவுதலேயாம்.

எலியேசர் 1949 இல் இலங்கைச் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியரானார். 1952 இல் சர்வகலாசாலை பேராதனைக்குப் பெயரத் தொடங்கியபோதும் விஞ்ஞான பீடம் கொழும்பிலேயே இருந்தது. பேராதனையிலே விஞ்ஞானம் 1961 இலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னரே, 1959 இல், எலியேசர் மலாயாவுக்குச் சென்றுவிட்டார். பின்னர் அவுத்திரேலியாவின் மெல்பேண் நகரிற் பணியாற்றி 2001 இல் அங்கேயே மறைந்தார். அறிஞர் ஒருவர் நாடு நீங்கின் ஒரு பதவி வெறுமையாகின்றது; அதனை மற்றொருவரைக்கொண்டு நிரப்பலாம். அவரைச் சூழ்ந்து வளர்ந்த வினாக்களும் அவருடனே போய்விடுதலோ எளிதில் ஈடுசெய்யத்தக்க இழப்பன்று.

அக்காலத்திலே பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் வேறொன்று நிகழ்ந்தது. அல்லாடி இராமகிருட்டிணன் 1957-58 இல் அமெரிக்காவின் பிரின்சுதன் உயராய்வு நிலையத்திற் கண்ட ஆய்வரங்கு முறையை மயிலாப்பூரிலுள்ள தம் இல்லத்திலேயே தொடக்கினார். கட்டடமோ பொருளுதவியோ இல்லாத அவ்வவைக்கு 1960 இல் நீல்சு போர் வந்து, இளைஞரின் ஊக்கத்தைப் பாராட்டினார். அதன் பயனாக 1962 சனவரி 3 ஆந் தேதி கணித விஞ்ஞான நிலையம் சென்னையில் உதயமாயிற்று. வானியல் அறிஞர் சந்திரசேகர் அதனைத் தொடக்கிவைத்தார். முதலில் அவை, பின்னரே மாளிகை என்பது சென்னை கற்பித்த பாடமாகும்.

இலங்கையிலோ முதலில் வந்தது சட்டம். 1981 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கச் சட்டத்தால் அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அமைக்கப்பட்டது. விண்மீனிடைத் தூசியை ஆராய்ந்த சந்திரா விக்கிரமசிங்கர் அதன் முதற் பணிப்பாளரானார். அவருக்குப்பின் வந்த சிறில் பொன்னம்பெருமர் காலியிற் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையில் மெய்யியல் பயின்று, விண்கற்களில் அமினோ அமிலங்களைக் கண்டறிந்து புகழ்பெற்றவர். தொடக்கத்திற் கொழும்பிலிருந்த நிறுவகம் 1980 களின் நடுவிலே ஹந்தானையில் நிலைகொண்டது. 2014 இலிருந்து அது தேசிய நிறுவகம் என வழங்கப்படுகின்றது.

அறிவுக்குப் புதுமனை எழுப்பச் சட்டம் இயற்றப்பட்ட அதே 1981 ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பராயிற்று. ஈராண்டு கழித்து, 1983 யூலைக் கலவரம் தமிழறிஞர் பலரைக் கடல்கடக்கச் செய்தது. ஆராய்ச்சிக்கு வேண்டுவன கருவியும் பணமும் மாத்திரமல்ல. அச்சமின்றி வந்து அமர்வதற்கு ஓர் இடமும் வேண்டும். அவ்விடத்தை நாடு தன் மக்களுள் ஒரு பகுதியினர்க்கு மறுக்குமாயின் அவைக்களம் அவ்வளவுக்குக் குறைவுறும்.

வறிய நாட்டுக்கு அடிப்படை ஆராய்ச்சி எற்றுக்கு என வினாவுவோர்க்கு, பின்னாளிற் பணிப்பாளரான கீர்த்தி தென்னக்கோனின் வரலாறே விடையாகும். அவர் 1972 இல், அமெரிக்காவிலிருந்த பக்வாசாவுடன் சேர்ந்து, நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டாயின் விளைவது யாதென ஆராய்ந்தவர். அத்தகைய நுண்பொருட் கொள்கையிற் பழகியவரே பின்னர்ச் சூரிய ஒளியை மின்னாக்கும் கலங்களை ஆராய முற்பட்டார். சாயமூட்டிய தைத்தேனியம் ஈரொட்சைட்டுக் கலம் அதுகாறும் திரவம் கொண்டு இயங்கிற்று. அத்திரவத்துக்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்னும் திண்மத்தைக்கொண்டு இயங்கும் கலமொன்றை அவருடைய குழுவினர் 1995 இல் உலகுக்கு அறிவித்தனர். தைத்தேனியம் தரும் இல்மனைற்று நம் புல்மோட்டைக் கடற்கரை மணலிற் கிடைப்பது. அடியை ஆராய்ந்து பழகிய அறிவு, பயன்வேண்டிய போது பயனையும் தந்தது.

இனித் தீரவேண்டிய குறையும் ஒன்றுண்டு. பாடசாலையிலே தமிழிலோ சிங்களத்திலோ விஞ்ஞானம் கற்ற மாணவன், ஆய்வரங்கிலே ஆங்கிலத்தில் வினாவவேண்டியவனாகின்றான். வினா உள்ளத்தில் இருப்பினும் நா எழுவதில்லை. ஹந்தானைத் தோட்ட லயன்களில் வளரும் பிள்ளைக்கும் அச்சாரலிலுள்ள அவைக்கும் இடையேயுள்ள தூரம் நிலத்தின் அளவாற் சிறிதேயாயினும், உண்மையிற் பெரிது. அத்தூரத்தைக் குறைக்கும் பணி பாடசாலையிலேயே தொடங்கற்பாலது. கிழமைக்கு ஒருநாள், ஒரு வகுப்பறை, விடை தெரியாத ஒரு வினா, அதனைத் தாமும் அறியேம் என ஒப்பும் ஆசிரியர் ஒருவர்: இந்நான்கும் கூடிய இடத்தில் ஆய்வரங்கு பிறந்துவிடுகின்றது.