அழற்சியும் ஆயுளும்: டயாலிசிஸ் வரலாற்றில் ஒரு பக்கம்

1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் டெஃப்ளான் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. ஒரு முனை தமனியிலும் மறுமுனை சிரையிலும் பதிந்த அக்குழாயை வேண்டும்போது இயந்திரத்தோடு இணைக்கலாம். மற்ற நேரங்களில் கையிலேயே விட்டுவைக்கலாம். செயற்கைச் சிறுநீரகம் அதற்கு முன்பே இருந்தது. நாஜி ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நெதர்லாந்தின் காம்பன் நகரில், தொத்திறைச்சி அடைக்கும் செல்லோபேன் உறையை உருளையில் சுற்றி, வில்லெம் கோல்ஃப் 1943-லேயே அதனை ஆக்கிவிட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தமையால், சில நாட்களில் சிறுநீரகம் தானே மீளக்கூடியவர்க்கே அது பயன்பட்டது. ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ வழிவகுத்தது சியாட்டில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னரின் அந்தக் குழாய்தான்.

ஷீல்ட்ஸ் மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-ல் அவர் உயிரைக் கவர்ந்தது மாரடைப்பு. இதனைத் தற்செயல் என்று நாம் கடந்துவிட இயலாது. நெடுநாள் டயாலிசிஸில் இருப்போரின் தமனிகள் வயதை மீறி விரைவாகத் தடித்து அடைபடுகின்றன என்று 1974-ல் ஸ்கிரிப்னரின் குழுவினரே எழுதினர். தம் சாதனையின் குறையைத் தாமே அச்சேற்றிய அந்த நேர்மை நம் வணக்கத்துக்குரியது. இரத்தக்கொதிப்பும் கொழுப்பும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அவை மட்டுமே போதவில்லை.

விடையின் ஒரு கூறு முற்றிலும் வேறோர் இடத்தில் கிடந்தது. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தநீர் நிமோகாக்கஸ் கிருமியின் 'சி' என்னும் கூறோடு கலந்தால் வீழ்படிவு தோன்றுவதைக் கண்டனர். அவ்வாறு வினைபுரியும் பொருளே பின்னர் சி-ரியாக்டிவ் புரோட்டீன், சுருக்கமாக சி.ஆர்.பி., எனப்பட்டது. உடலில் எங்கு அழற்சி மூண்டாலும் கல்லீரல் இதனை மிகுதியாகச் சுரக்கும். (அழல் என்பது தீ. இலத்தீன் மொழியாரும் தீயிலிருந்தே இந்நோய்க்குப் பெயர் கண்டனர்.)

1990-ல் லவ்ரி, லூ இருவரும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, இரத்தத்தில் ஆல்புமின் குறைந்தோரிடையே இறப்பு மிகுதி என்று காட்டினர். ஆல்புமின் குறைவை ஊட்டக்குறை என்றே பலரும் பொருள்கொண்டனர். 'நன்றாகச் சாப்பிடுங்கள்' என்ற அறிவுரை பிறந்தது. பசியே எழாதவரைப் பார்த்து அவ்வாறு சொல்வது எத்துணைக் கொடுமை! அழற்சி மூண்டால் கல்லீரல் ஆல்புமின் ஆக்கத்தைக் குறைத்து சி.ஆர்.பி.யைப் பெருக்குகிறது, பசியைக் கெடுப்பதும் அதே அழற்சிதான். 1999-ல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 280 டயாலிசிஸ் நோயாளிகளை ஈராண்டு தொடர்ந்து கவனித்தனர். சி.ஆர்.பி. உயர்ந்திருந்தோரே மிகுதியாக இறந்தனர். இதயநோயால் நேர்ந்த இறப்பும் அவர்களிடையே மிகுந்திருந்தது. அதே ஆண்டில் சுவீடனின் ஸ்டென்விங்கெல் குழுவினர், சிறுநீரகம் செயலிழந்தோரிடம் ஊட்டக்குறை, அழற்சி, தமனித்தடிப்பு மூன்றும் பின்னிக் கிடப்பதைக் காட்டினர்.

அப்படியானால் அந்த எண்ணைக் குறைத்தால் ஆயுள் நீளுமா? 2009-ல் வெளியான அரோரா ஆய்வில் 2,776 டயாலிசிஸ் நோயாளிகள் பங்கேற்றனர். ரோசுவாஸ்டாட்டின் மாத்திரை பெற்றோரிடம் கொழுப்பும் இறங்கியது, சி.ஆர்.பி.யும் இறங்கியது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியன குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. தீயை விட்டுவிட்டுப் புகையை விசிறியதாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

எனவே சி.ஆர்.பி. உயர்ந்தால் மருத்துவர் முதலில் தேடுவது மூலத்தை. கழுத்துச் சிரையில் நாட்கணக்கில் கிடக்கும் கதீட்டர், பயன்படாமல் போய்க் கைக்குள்ளேயே தங்கிவிட்ட செயற்கை இரத்தக்குழாய், சர்க்கரை நோயாளியின் பாதப்புண், வீங்கிய ஈறு. இவற்றோடு தண்ணீரும் உண்டு. நான்கு மணிநேர டயாலிசிஸில் ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பால் நோயாளியின் இரத்தத்தை உரசிச் செல்கிறது. அந்த நீரில் கிருமிகளின் சிதைவுகள் எஞ்சியிருந்தால், காய்ச்சல் காணாமலே உள்ளே அழல் கனன்றுகொண்டிருக்கும்.