கொழுந்துக் கணக்கும் துண்டுச் சீட்டும்

நுவரெலியாவுக்குக் கிழக்கே ராகலையையும் கடந்து விரியும் உடப்புசல்லாவை மலைகளில், 1869ஆம் ஆண்டு இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்த பின்னர், பறித்த கொழுந்து எவ்வாறு கணக்கில் ஏறிற்று என்பதும் அறியத்தக்க சரித்திரமே ஆகும்.

மலையில் நிறுவை நடக்கும்போது கணக்கப்பிள்ளை ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே இறாத்தலைத் தம் கைப்புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அவ்வெண்கள் தோட்டத்து ஆபீஸிலுள்ள செக்ரோல் என்னும் பெயர்ப் பதிவேட்டில் ஏறுவது பின்னரே. ஒவ்வொரு கூடைக்கும் ஒருவர் மலையிறங்கி ஓடுவது சாத்தியமன்று. ஆகவே எழுத்தைக் கையில் தேக்கி வைத்து, பொழுது சாய்ந்தபின் ஒருங்கே சேர்ப்பது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அந்த இடைப்பொழுதில் செக்ரோல் பழைய நிலையையே சொல்லும். புதிய நிலை கைப்புத்தகத்தில் மட்டுமே இருக்கும்.

பல ஊர்களில் பிரதிகளை வைத்து இயங்கும் இக்காலத் தரவுத்தளங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. கூகுள் நிறுவனத்தார் ஸ்பானர் என்னும் தம் தரவுத்தளத்தைப் பற்றி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில், ஒரு பரிவர்த்தனையின் எழுத்துகள் அது உறுதிப்படும் வரையில் கிளையன்ட் என்னும் பயனர் நிரலின் பக்கத்திலேயே தேங்கி நிற்கும் என்றும், அதனால் அதே பரிவர்த்தனைக்குள் வாசிப்பவருக்குத் தாம் எழுதியது தென்படாது என்றும் வெளிப்படையாகக் கூறியிருக்கின்றனர். இதை முன்னரே அறிந்த நிரலாளர், தாம் எழுதியதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வாசித்ததோடு அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தோட்டத் தொழிலாளிக்கோ அந்த வசதி வாய்க்கவில்லை. தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அந்த ஆட்கள் மேல் பற்றாக எழுதினார். அந்த ஏடு கங்காணியிடமே இருந்தது. எழுத்தறியாத தொழிலாளிக்குத் தம் பெயரில் ஏறியது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று சரிபார்க்கும் மார்க்கம் இருக்கவில்லை. கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்துவோருக்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும். கடனோ தீராமல் அவர்களோடு கூடவே செல்லும். உழைத்தவர் வாசிக்க இயலாத ஒரு தொகை, அவர் எங்கே வாழலாம், யாரிடம் வேலை செய்யலாம் என்பதை நிர்ணயித்தது.

இந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. கங்காணிகளின் செல்வாக்கு உடனே மறைந்துவிடவில்லை எனினும், தொழிலாளியைக் கடன்சீட்டின் பேரில் கைமாற்றும் வழக்கம் சட்டத்தின் ஆதரவை இழந்தது.

எழுத்தைச் சிறிது நேரம் தேக்கி வைப்பது குற்றமன்று. தூரமும் வேலையும் அதை அவசியமாக்குகின்றன. தேங்கிய எழுத்தை, அது யாரைப் பற்றியதோ அவருக்கு மறைத்து வைப்பதே குற்றம். தோட்டத்துப் பேரேடாயினும் கணினித் தரவாயினும், புதிதாகக் கணக்கு முறை வகுப்போர் எல்லோரும், கணக்குக்கு உரியவர் தம் கணக்கை எப்போது, எந்த நிலையில் காண்பார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, ஏனையவற்றைப் பின்னர் அமைப்பார்களாக.