ஷிகி, மசாவோகா (1867–1902)

ஜப்பானியக் கவிஞர், ‘ஹைக்கூ’ என்ற பெயரை நிலைபெறச் செய்தவர். முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் கடைசி ஆண்டுகளை டோக்கியோவின் நெகிஷி வீட்டில் படுத்த படுக்கையாகக் கழித்தார். 1899இல் தோட்டப் பக்கம் கண்ணாடிக் கதவு பொருத்தப்பட்டதும் அவருடைய உலகம் அந்தச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது: பூச்செடிகள், மழை, பீர்க்கங்கொடி. 1902இல் ‘நிப்பொன்’ நாளிதழில் 127 பகுதிகளாக வந்த ‘ஆறடி நோய்ப்படுக்கை’யில் வலியில் அலறியதை மறைக்கவில்லை. ஞானம் பேசும் நோயாளி அல்லர். பழத்துக்கு ஏங்கும் நோயாளி. படுத்தபடியே பூக்களையும் பழங்களையும் வண்ணத்தில் வரைந்தார். பீர்க்கங்கொடியில் வடியும் நீர் அன்றைய ஜப்பானில் சளிக்கு மருந்து. இறப்பதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 18 அன்று, பிறர் பலகையைப் பிடித்துக்கொள்ள அவர் எழுதிய கடைசி மூன்று ஹைக்கூக்களிலும் பீர்க்கு இருக்கிறது.